மேசை மேல் நடந்த வான் போர்!

பூமிக்கு அடியில், சுமார் 18 மீட்டர் ஆழத்தில் ஓர் அறை. நடுவே ஒரு பெரிய மேசை. அதன் மேல் இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியைக் காட்டும் வரைபடம். மேசையைச் சுற்றிலும் நீலச் சீருடை அணிந்த இளம்பெண்கள். காதில் தொலைபேசிக் கருவி. கையில் நீண்ட குச்சி. காதில் சில எண்கள் கேட்கின்றன. உடனே அந்தக் குச்சியால் ஒரு சிறிய கட்டையைத் தள்ளி, வரைபடத்தில் சரியான கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

பார்ப்பதற்கு ஏதோ பலகை விளையாட்டு போல இருக்கிறதா? ஆனால், அந்த ஒவ்வொரு கட்டையும் எதிரியின் விமானக் கூட்டம். 20 விமானங்கள் இருக்கலாம். 100 விமானங்களும் இருக்கலாம். கட்டையைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் அவ்வளவுதான்! எங்கோ ஓர் ஊரில் குண்டு விழும். அதைத் தடுக்கப் போன விமானிகளோ, யாருமே இல்லாத வானத்தில் எதிரியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இது நடந்தது 1940ஆம் ஆண்டு. இடம், லண்டனுக்கு மேற்கே உள்ள அக்ஸ்பிரிட்ஜ்.

போர் விமானம் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது எது? காதைப் பிளக்கும் சத்தம், மின்னல் வேகம், வானில் தலைகீழாக அடிக்கும் குட்டிக்கரணம்! ஆனால், வேகமான விமானமும் துணிச்சலான விமானியும் இருந்தால் மட்டும் ஒரு நாட்டின் வானத்தைக் காப்பாற்றிவிட முடியுமா? 'பிரிட்டன் போர்' என்று வரலாறு சொல்லும் அந்த வான் போரில் இதற்கு விடை இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்.

குடை பிடிக்கும் விமானம்

விமானப்படையில் பல வகை விமானங்கள் உண்டு. குண்டுகளைச் சுமந்து சென்று கீழே போடுவது குண்டுவீச்சு விமானம். வீரர்களையும் பொருட்களையும் ஏற்றிச் செல்வது போக்குவரத்து விமானம். எதிரியின் இடங்களைப் படம் பிடித்து வருவது உளவு விமானம். இவற்றுக்கு நடுவே போர் விமானத்தின் முக்கியமான வேலை, வானிலேயே எதிரி விமானத்தோடு மோதி அதை விரட்டுவது.

ஏன் அப்படி ஒரு வேலை? கொட்டும் மழையில் குடை இருப்பவரால் மட்டுமே நனையாமல் நடக்க முடியும் அல்லவா? போரிலும் அப்படித்தான். தலைக்கு மேலே வானம் யார் வசம் இருக்கிறதோ, அவர்களுடைய கப்பல்களும் படைகளும்தான் தைரியமாக நகர முடியும். அந்தக் குடையைப் பிடிப்பவை போர் விமானங்கள்.

1940இல் ஜெர்மனியை ஆண்ட ஹிட்லருக்கு அப்படி ஒரு குடை தேவைப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்துவிட்டது. பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3 லட்சத்து 38 ஆயிரம் வீரர்கள் கப்பல்களிலும் படகுகளிலும் ஏறித் தப்பி, பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். ஆனால், பீரங்கிகளையும் வாகனங்களையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. இப்போது ஜெர்மன் படைக்கும் பிரிட்டனுக்கும் நடுவே இருந்தது ஆங்கிலக் கால்வாய் என்ற கடல்தான். மிகவும் குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 34 கிலோமீட்டர்!

கடலைக் கடந்து பிரிட்டனுக்குள் நுழைய ஹிட்லர் திட்டம் போட்டார். ஆனால், வானம் பிரிட்டனின் கையில் இருக்கும்வரை படகுகளில் வரும் வீரர்கள் உயிரோடு கரை சேர முடியாது. எனவே, முதலில் பிரிட்டனின் போர் விமானங்களை ஒழித்துக்கட்டும் வேலை ஜெர்மன் விமானப்படைத் தளபதி கோரிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரிடம் ஏறக்குறைய 2,500 விமானங்கள் இருந்தன. பிரிட்டனிடம் தயாராக இருந்த போர் விமானங்களோ சுமார் 600 முதல் 700 வரைதான்!

இரண்டு தோழர்கள்

பிரிட்டனின் அந்தப் போர் விமானங்களில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று ஸ்பிட்ஃபயர். இன்னொன்று ஹரிக்கேன்.

ஸ்பிட்ஃபயர் மெல்லிய, நீள்வட்ட வடிவ இறக்கைகள் கொண்ட அழகி! மணிக்குச் சுமார் 580 கிலோமீட்டர் வேகம் வரை பறக்கும். இதை வடிவமைத்தவர் ஆர்.ஜே. மிட்செல். 1936 மார்ச் மாதம் ஸ்பிட்ஃபயர் முதன்முதலாகப் பறந்தபோது அவர் நோயோடு போராடிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே, 42ஆவது வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். தன்னுடைய விமானம் ஒரு நாட்டையே காக்கப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஹரிக்கேன் சற்று வேகம் குறைந்தது. அதன் பின்பாதி உடல், சட்டங்களின் மேல் துணி போர்த்திச் செய்யப்பட்டது. 'துணி விமானமா?' என்று சிரிக்காதீர்கள்! குண்டு துளைத்தால் ஒட்டுப் போட்டுச் சீக்கிரமே மறுபடியும் பறக்கவிடலாம். புகழ் முழுவதும் ஸ்பிட்ஃபயருக்குப் போனாலும், இந்தப் போரில் அதிகமான எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிக்கேன்தான்.

இரண்டிலும் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் என்ஜின். இரண்டிலும் எட்டு எந்திரத் துப்பாக்கிகள். விசையை விடாமல் அழுத்தினால் எத்தனை நேரம் சுடலாம் தெரியுமா? சுமார் 15 விநாடிதான்! அதற்குள் தோட்டாக்கள் தீர்ந்துவிடும். அதனால், விமானிகள் இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் சுட்டு, மிச்சம் பிடித்தார்கள்.

எந்த வளையில் வரும் எலி?

பிரிட்டனின் போர் விமானப் பிரிவுக்குத் தலைவர் ஹியூ டவுடிங். அதிகம் பேசாதவர்; சிரிப்பதும் அபூர்வம். அவர் முன்னால் ஒரு பெரிய கேள்வி நின்றது.

எதிரி எப்போது வருவான், எங்கே வருவான் என்று தெரியாது. அதற்காக நாள் முழுவதும் விமானங்களை வானத்தில் சுற்றவிட முடியுமா? முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும். விமானிகளும் களைத்துப்போவார்கள். கீழே இறங்கி பெட்ரோல் போடும் நேரம் பார்த்து எதிரி வந்துவிட்டால்?

சரி, தரையிலேயே காத்திருக்கலாமா? அதிலும் ஆபத்து. 6,000 மீட்டர் உயரம் ஏறுவதற்கு 10 நிமிடம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். எதிரியைக் கண்ணால் பார்த்த பிறகு கிளம்பினால் காரியம் கெட்டுவிடும். ஆகவே, எதிரி கடலைத் தாண்டுவதற்கு முன்பே அவன் வருகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு வழிகாட்டியவர்கள் ராபர்ட் வாட்சன் வாட், ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற விஞ்ஞானிகள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் எதிரொலி கேட்கும் அல்லவா? அதுபோல, ரேடியோ அலைகளை அனுப்பினால் அவை விமானத்தில் பட்டுத் திரும்பும். அதை வைத்து விமானம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி என்ற ஊருக்கு அருகே இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதுதான் பிறகு 'ரேடார்' ஆனது. போர் தொடங்கும் முன்பே கடற்கரை நெடுகிலும் ரேடார் நிலையங்கள் எழும்பின. அவற்றின் எஃகு கோபுரங்கள் 110 மீட்டர் உயரம்! நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பிரான்ஸ் நாட்டின் மேலே ஒன்றுகூடும் விமானங்கள்கூட அவற்றின் 'கண்ணில்' பட்டன.

மணி அடித்தது!

ரேடார் மட்டும் இருந்தால் போதாது. அது பார்த்த செய்தி, சரியான ஆளிடம், சரியான நேரத்தில் போய்ச்சேர வேண்டும். டவுடிங்கின் திறமை இங்கேதான் தெரிந்தது. ஒரு தாக்குதல் வரும்போது என்னவெல்லாம் நடந்தது என்று வரிசையாகப் பார்ப்போமா?

ரேடார் நிலையத்தில் இருப்பவர் திரையில் ஒரு துடிப்பைப் பார்க்கிறார். தூரத்தையும் திசையையும் கணக்கிட்டு, தொலைபேசியில் பென்ட்லி பிரையரி என்ற தலைமையகத்துக்குச் சொல்கிறார்.

அங்கே ஒரு 'வடிகட்டும் அறை'. ஒரே விமானக் கூட்டத்தை இரண்டு நிலையங்கள் பார்த்திருந்தால், இரண்டு கூட்டம் என்று எண்ணிவிடக் கூடாதே! வருவது நம் விமானமாகவும் இருக்கலாமே! இவற்றையெல்லாம் சரிபார்த்து, தேறிய செய்தியை மட்டும் அக்ஸ்பிரிட்ஜ் போன்ற மண்டல அறைகளுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கால ரேடார், கடல் பக்கம் மட்டும்தான் பார்க்கும். கரையைத் தாண்டி எதிரி உள்ளே வந்துவிட்டால்? அதற்காகவே ஊர் ஊராக, மேட்டு நிலங்களில் சுமார் 30,000 தொண்டர்கள் தொலைநோக்கியும் தொலைபேசியுமாகக் காத்திருந்தார்கள். கடைக்காரர்கள், விவசாயிகள், ஆசிரியர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள்.

இப்படி வந்துசேரும் செய்திகளைத்தான் நாம் முதலில் பார்த்த பெண்கள் கட்டைகளாக நகர்த்தினார்கள். சுவரில் ஒரு கடிகாரம். அதில் ஐந்து ஐந்து நிமிடங்களாகப் பிரித்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் பூசியிருந்தார்கள். பெரிய முள் எந்த வண்ணத்தில் இருக்கிறதோ, அதே வண்ண அம்புக்குறியைத்தான் மேசையில் வைக்க வேண்டும். எனவே, ஒரு பார்வையிலேயே அது புதிய செய்தியா, பழைய செய்தியா என்று தெரிந்துவிடும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்!

மாடத்தில் உட்கார்ந்து மேசையைக் கவனிக்கும் அதிகாரி உத்தரவு போடுவார். எங்கோ ஒரு விமானத் தளத்தில் தொலைபேசி மணி அடிக்கும். நாற்காலியில் சாய்ந்து படித்துக்கொண்டும், சதுரங்கம் ஆடிக்கொண்டும் இருக்கும் இளைஞர்கள் அப்படியே போட்டுவிட்டு விமானத்தை நோக்கி ஓடுவார்கள். அவர்களில் பலருக்கு வயது 20ஐ ஒட்டித்தான்! சில நிமிடங்களில் எல்லோரும் வானில். அதற்குப் பிறகு, எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று ரேடியோவில் வழி சொல்வார்கள்.

விழுந்த குண்டுகளும் விழாத மனமும்

1940 ஜூலை 10 அன்று தொடங்கியதாகக் கருதப்படும் இந்தப் போர், ஆகஸ்ட் மாதம் உச்சத்துக்குப் போனது. ஆகஸ்ட் 12 அன்று ரேடார் நிலையங்களை ஜெர்மன் விமானங்கள் தாக்கின. ஆனால், சட்டம் சட்டமாக நிற்கும் கோபுரங்கள் அவ்வளவு சுலபமாகச் சாயவில்லை. 'இதில் பயனில்லை' என்று நினைத்த கோரிங், சில நாட்களிலேயே அந்தத் தாக்குதலைக் குறைத்துவிட்டார். அது அவர் செய்த பெரிய தவறு. போர் விமானங்களை எண்ணத் தெரிந்த அவருக்கு, அவற்றை இணைக்கும் தொலைபேசிக் கம்பியின் மதிப்பு புரியவில்லை.

அடுத்து, விமானத் தளங்களின் மேல் குண்டுமழை. பிகின் ஹில் என்ற தளம் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. அங்கே எல்ஸ்பெத் ஹெண்டர்சன், ஹெலன் டர்னர் என்ற இரண்டு பெண்கள் தொலைபேசியில் இருந்தார்கள். கட்டடத்தின் மேலேயே குண்டு விழுந்தது. அப்போதும் கடைசி நிமிடம்வரை இணைப்பை விடவில்லை. ஜோன் மார்ட்டிமர் என்ற பெண், வெடிக்காமல் கிடந்த குண்டுகளுக்கு அருகே தைரியமாகச் சென்று சிவப்புக் கொடிகளை நட்டார். திரும்பி வரும் விமானிகள் அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் அல்லவா? மூவருக்கும் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவரும் போர் விமானம் ஓட்டியவர் அல்ல!

விமானங்கள் உடைந்தால் தொழிற்சாலையிலிருந்து புதியவை வந்தன. ஆனால், விமானிகளுக்கு எங்கே போவது? ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலுமாக 100க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானிகள் உயிரிழந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி போதவில்லை. போலந்து, செக்கோஸ்லோவாகியா, நியூசிலாந்து, கனடா என்று பல நாட்டு இளைஞர்கள் தோள் கொடுத்தார்கள். போலந்து வீரர்களின் 303ஆம் படைப்பிரிவு பெரிய அளவில் சாதித்தது.

ஜெர்மானியர்களுக்கும் சங்கடங்கள் இருந்தன. அவர்களுடைய சிறந்த போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109, லண்டன்வரை வந்தால் சுமார் 10 நிமிடம்தான் சண்டையிடலாம். அதற்குமேல் இருந்தால் வீடு திரும்ப பெட்ரோல் இருக்காது. பாராசூட்டில் குதித்த பிரிட்டன் விமானி, சொந்த மண்ணில் இறங்கி மறுநாளே பறக்கலாம். ஜெர்மன் விமானி குதித்தால் கைதிதான்.

காலி இல்லை!

செப்டம்பர் 7 அன்று ஜெர்மன் விமானங்கள் தளங்களை விட்டுவிட்டு லண்டன் நகரத்தின் மேல் பாய்ந்தன. மக்களுக்கு அது கொடுமையான காலம். அடுத்த ஆண்டு மே மாதம்வரை தொடர்ந்த குண்டுவீச்சில் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ஆனால், குண்டு விழாத விமானத் தளங்கள் மூச்சு விட்டுக்கொண்டன.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பிரதமர் சர்ச்சில் அக்ஸ்பிரிட்ஜ் அறைக்கு வந்தார். அங்கே தளபதியாக இருந்தவர் நியூசிலாந்துக்காரரான கீத் பார்க். மேசையில் கட்டைகள் பெருகிக்கொண்டே போயின. சுவரில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் விளக்குகள் உண்டு. எந்தப் பிரிவு தரையில் தயார், எந்தப் பிரிவு வானில் சண்டையில் என்று அவை காட்டும். நேரம் போகப் போக, 'தயார்' என்று காட்ட ஒரு பிரிவுகூட மிச்சமில்லை. கையிருப்பில் வேறு என்ன இருக்கிறது என்று சர்ச்சில் கேட்டார். எதுவுமே இல்லை என்றார் பார்க்.

அந்த நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்திருந்தால், பெட்ரோலுக்காகத் தரையில் நிற்கும் விமானங்கள் அழிந்திருக்கும். வரவில்லை! அன்று சுமார் 60 ஜெர்மன் விமானங்கள் வீழ்ந்தன. பிரிட்டன் இழந்தது 30ஐ ஒட்டி. அன்றைய அறிவிப்பில் 185 விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்னார்கள். சண்டையின் பரபரப்பில் ஒரே விமானத்தை இரண்டு மூன்று பேர் 'நான்தான் வீழ்த்தினேன்' என்று எண்ணிவிட்டதுதான் காரணம்!

செப்டம்பர் 17 அன்று, படையெடுப்பைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார் ஹிட்லர். பிறகு அது நடக்கவே இல்லை.

பிரிட்டன் தரப்பில் பறந்த சுமார் 3,000 பேரில் 544 பேர் இந்தப் போரில் உயிர் இழந்தார்கள். ஜெர்மன் தரப்பில் இறந்த விமானப்படையினர் சுமார் 2,500 பேர். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தானே! போரின் கணக்கு எப்போதும் கண்ணீரில்தான் முடிகிறது.

வெற்றிக்குப் பிறகு டவுடிங்குக்கு என்ன பரிசு தெரியுமா? அதே ஆண்டு நவம்பரில் அவரைப் பதவியிலிருந்து மாற்றிவிட்டார்கள்! அடுத்து பார்க்கும் மாற்றப்பட்டார். அவர்கள் செய்ததன் அருமையை உலகம் பிறகுதான் முழுதாக உணர்ந்தது.

சென்னையின் பெயரில்...

இந்தப் போரில் ஹரிக்கேன் ஓட்டிய 79ஆம் படைப்பிரிவுக்கும், ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் படைப்பிரிவுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டின் பெயரோடும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று சேர்க்கப்பட்டது. விமானங்கள் வாங்க அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து திரண்டு போன நன்கொடைக்கு மரியாதை அது. அப்போது நம் நாடே பிரிட்டனின் ஆட்சியில் விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது!

வானொலியில் வந்த ரகசிய வார்த்தைகள்

அந்த விமானிகள் ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவதற்கென்றே சில வார்த்தைகள் வைத்திருந்தார்கள்.

ஸ்கிராம்பிள் - உடனே கிளம்பு!
ஏஞ்சல்ஸ் 20 - உயரம் 20,000 அடி.
பேண்டிட் - எதிரி விமானம்.
டாலி ஹோ - எதிரியைப் பார்த்துவிட்டேன்!
பான்கேக் - தரை இறங்கு.

இன்று போர் விமானங்கள் ஒலியைவிட வேகமாகப் பறக்கின்றன. ரேடாரே விமானத்தில் ஏறி வானத்துக்குப் போய்விட்டது! நம் இந்திய விமானப்படையின் 'நேத்ரா' அப்படிப்பட்ட ஒரு பறக்கும் கண். அது பார்ப்பதைத் தரையில் இருப்பவர்களும் போர் விமானிகளும் உடனுக்குடன் தெரிந்துகொள்கிறார்கள். குச்சியும் கட்டையும் போய்க் கணினித் திரை வந்துவிட்டது. ஆனால், முறை என்னவோ அதேதான்: முதலில் பார், சரியாகச் சொல், பிறகு பற!

அக்ஸ்பிரிட்ஜில் அந்த அறை இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதே மேசை, வண்ணக் கடிகாரம், விளக்குகள் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்பார்கள் பெரியவர்கள். தேரின் உச்சியில் ஆடும் கலசம்தான் எல்லோர் கண்ணிலும் படும். வடம் பிடிக்கும் கைகளும், சக்கரத்தில் கட்டை போடுபவரின் கவனமும் இல்லாவிட்டால் தேர் நகருமா? குடியரசு தின விழாவில் போர் விமானங்கள் சீறிப் பறப்பதைப் பார்க்கும்போது கை தட்டுங்கள், குட்டீஸ். அப்படியே, தரையில் எங்கோ ஓர் அறையில் கண்ணை இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்!